ஆறாவது முதல் எட்டாவது வரை: நீலகிரிப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

நீலகிரியில் ஐந்தாம் வகுப்போடு பல பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் முடிந்துவிடுகிறது. படுகர் ஊரான ஹட்டியிலோ எஸ்டேட் லைன் வீடுகளிலோ கூப்பிடு தூரத்தில் இருந்த தொடக்கப் பள்ளியை விட்டு, பஸ் ஏறி கோத்தகிரிக்கோ மஞ்சூருக்கோ கூடலூருக்கோ பந்தலூருக்கோ போக வேண்டும். அதுவரை எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர். பிள்ளை முகம் வாடி வந்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஒருவர் வருவார், மணி அடித்ததும் அடுத்தவர். கணக்கு டீச்சருக்குக் கணக்கில் தடுமாறுவது தெரியும், தமிழ் ஐயாவுக்கு வாசிப்பில் தடுமாறுவது தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் பள்ளியில் இல்லாமல் போவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி. 2024 டிசம்பரில் மத்திய அரசு 5, 8 ஆம் வகுப்புகளுக்கான விதியைத் திருத்தியபோதும் தமிழ்நாடு தன் முறையை மாற்றவில்லை. நான் இதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். 12 வயதில் ஒரு பிள்ளையைப் பெயில் என்று உட்காரவைத்தால், அது அடுத்த வாரமே பள்ளியை விட்டு நின்றுவிடும். ஆனால் இந்த விதியால் பெற்றோருக்கு ஒரு பொறுப்பு கூடுகிறது. பிள்ளை பின்தங்கியிருப்பதை எந்தப் பரீட்சையும் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லாது. ஒன்பதாவதில்தான் அது வெளியே வரும். அப்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஒரு வருடம்தான் பாக்கி இருக்கும்.

ஆகவே இந்த மூன்று வருடத்தில் நாம் செய்ய வேண்டிய முதன்மையான வேலை, விட்டுப்போனது எது என்று சீக்கிரம் கண்டுபிடித்து அதை நிரப்புவது. அதற்குப் பெற்றோர் படித்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. கீழே சொல்வதில் பெரும்பகுதி, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அம்மாவும் செய்யக்கூடியதுதான்.

படி 1: ஆறாவதில் எந்தப் பள்ளி?

இதை ஐந்தாவது படிக்கும்போதே, பிப்ரவரி மார்ச்சிலேயே வீட்டில் பேசி முடிவெடுங்கள். ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு பன்னிரண்டாவது தாண்டியும் பேசும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது விரிந்தது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், இதே போல 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம் பையன்களுக்கும் அதையே தருகிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த இரண்டும் உண்டு.

எல்லாவற்றிலும் "ஆறாவதிலிருந்து" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். மூன்று வருடம் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் ஃபீஸ் கட்டிவிட்டு, ஒன்பதாவதில் முடியாமல் அரசுப் பள்ளிக்கு மாற்றும் குடும்பங்கள் நம் மலையில் ஏராளம். தேயிலை விலை விழும் வருடங்களில் இது இன்னும் கூடும். அந்தப் பிள்ளைகள் இந்தச் சலுகைகளில் பலவற்றை இழக்கிறார்கள். கடைசிவரை ஃபீஸ் கட்ட முடியுமா என்று உறுதியாகத் தெரியாவிட்டால், ஆறாவதிலேயே நல்ல அரசுப் பள்ளியைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

தூரத்தையும் பாருங்கள். கல்வி உரிமைச் சட்ட விதிகள் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அப்படி இல்லாத குடியிருப்புகளுக்குப் போக்குவரத்து வசதியும் வழித்துணை ஆளும் தர ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இடம் உண்டு. இது தானாக வராது. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். ஒரே ஊரிலிருந்து ஐந்தாறு பிள்ளைகள் போவதாக இருந்தால் பெற்றோர் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள்.

பழங்குடிக் குடும்பங்களுக்கு விடுதியோடு கூடிய பள்ளிகளும் இருக்கின்றன. முத்தோரை பாலாடாவில் உள்ள ஏகலைவா உறைவிடப் பள்ளியில் சேர்க்கை ஆறாவதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் 11 வயதில் வீட்டைப் பிரிவது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. சேர்த்துவிட்டால் முதல் இரண்டு மாதம் முடிந்தவரை வாரா வாரம் போய்ப் பாருங்கள். முதல் விடுமுறைக்கு வந்து திரும்பிப் போகாமல் நின்றுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது.

சேர்க்கும்போதே சாதிச் சான்றிதழ், ஆதார், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு மூன்றும் தயாராக இருக்கட்டும். மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகை கணக்கில் ஏறாமல் நிற்கும்போது, பல நேரம் காரணம் இந்த எழுத்து வித்தியாசமாகத்தான் இருக்கும்.

படி 2: ஜூன் மாதத்திலேயே விட்டுப்போனதைக் கண்டுபிடியுங்கள்

பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்தில், வீட்டில் அமைதியான ஒரு மாலையில் இதைச் செய்யுங்கள். பரீட்சை மாதிரி இருக்கக் கூடாது. திட்டவும் கூடாது.

நான்காம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம்: ஒவ்வொரு எழுத்தாக எண்ணி எண்ணிப் போகிறதா, பேசுவது போல ஓடுகிறதா? வாசித்து முடித்ததும், "இதில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஓட்டமாக வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியாத பிள்ளைகளும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரியும், பொருள் போய்ச் சேரவில்லை.

அடுத்தது கணக்கு. நான்கு கேள்விகள் போதும். 503-இலிருந்து 278-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 46-ஐ 7-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். 96-ஐ 4 பேருக்குப் பங்கிடச் சொல்லுங்கள். கடைசியாக அரையா, மூன்றில் ஒரு பங்கா, எது பெரியது என்று கேளுங்கள். சரி பார்க்கத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கிற அக்காவையோ அண்ணனையோ கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

இந்த நான்கில் எங்கே தடுமாறுகிறதோ, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆறாவது படிக்கும் பிள்ளையின் கையில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை வெட்கப்படும். தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடு என்று அந்தப் புத்தகத்தை அதன் கையில் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கும் சாக்கில் தானும் கற்றுக்கொள்ளும்.

வாசிப்புக்கு தினமும் 15 நிமிடம், வாய்ப்பாட்டுக்கும் கழித்தல், வகுத்தலுக்கும் 15 நிமிடம். ஞாயிறு உட்பட. ஒரு பருவம் விடாமல் செய்தால் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வரும். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9 வரை அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்கென்றே 2025-இல் திறன் என்ற திட்டம் தொடங்கியது. உங்கள் பிள்ளையை அதில் சேர்த்தால் வருத்தப்படாதீர்கள். "நம்ம பையனை மக்குன்னு பிரிச்சுட்டாங்க" என்று பிள்ளை காதுபட வீட்டில் பேசிவிடாதீர்கள்.

எல்லாவற்றிலும் பின்னம்தான் பெரிய இடறு. ஆறாவதில் விகிதம், ஏழாவதில் சதவீதம், எட்டாவதில் இயற்கணிதம் என்று பின்னால் வரும் எல்லாம் பின்னத்தின் மேல்தான் நிற்கின்றன. பின்னம் விளங்காத பிள்ளை எட்டாவதில் கணக்கையே வெறுத்துவிடும். இதற்கு உங்கள் வீட்டிலேயே பாடம் இருக்கிறது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கு கிலோவுக்கு மேல், நாலரை வரை பச்சைக் கொழுந்து வேண்டும். அப்படியானால் அம்மா இன்று பறித்த 27 கிலோவில் எவ்வளவு தூள் வரும்? மழை நாளில் ஈரத்துக்கென்று கொழுந்து எடையில் கழிக்கிறார்களே, 30 கிலோவுக்கு 3 கிலோ கழித்தால் அது எத்தனை சதவீதம்? கேரட் மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய், வண்டி வாடகையும் கமிஷனும் போகக் கையில் வந்தது எவ்வளவு? எடைச் சீட்டையும் பில்லையும் பிள்ளையிடம் கொடுத்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஏமாற்றப்படாமல் இருக்கவும் அது உதவும்.

குறை எண்களும் அப்படித்தான். சமவெளிப் பிள்ளைக்குப் பூஜ்யத்துக்குக் கீழே என்பது புத்தகத்தில் வரைந்த கோடு. தலைக்குந்தாவில் ஜனவரி விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்த நம் பிள்ளைக்கு அது காலடியில் இருக்கிறது. ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேக இவ்வளவு நேரம் ஆவது அதனால்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் பிடித்து ஏறும் மலை ரயில், செங்குத்தான இடங்களில் 12 மீட்டர் போனால் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஏறுகிறது. விகிதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைப் புத்தகத்தில் தேட வேண்டாம். எட்டாவதில் நுண்ணுயிரிகளும் தடுப்பூசியும் வரும்போது, குன்னூரில் 1907 முதல் இயங்கும் பாஸ்டர் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

படி 3: வீட்டு மொழியைக் கைவிடாதீர்கள்

இந்த மாவட்டத்துக்கு வெளியே இருந்து வரும் அறிவுரைகளில் இது இருக்காது. நம் வகுப்பறைகளில் வீட்டில் படுகு பேசும் பிள்ளை, பனியர் மொழி பேசும் பிள்ளை, மலையாளமோ கன்னடமோ பேசும் பிள்ளை, இலங்கையிலிருந்து வந்த தாத்தா பாட்டியின் தமிழ் பேசும் பிள்ளை எல்லாம் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். புத்தகத் தமிழ் இவர்களில் பலருக்கு இரண்டாவது மொழி. ஆறாவதில் பாடம் திடீரென்று கனமாகிறது: "ஒளிச்சேர்க்கை", "நேர்மாறல்", "பண்டமாற்று". இப்படிச் சொற்கள் வந்து கொட்டும்போது, விஷயம் தெரிந்த பிள்ளையும் சொல் தெரியாமல் வாய் மூடி உட்கார்ந்துவிடும். அதைப் பார்த்து மந்தம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

வழி எளிது. பாடத்தை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, அதையே வீட்டு மொழியில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். குறுக்கே கேள்வி கேளுங்கள். உண்மையிலேயே தெரியாமல் கேட்கும் அம்மாவுக்கு விளக்கும்போது பிள்ளைக்குப் பாடம் தெளிவாகும். கடைசியாக, சொன்னதைப் பாடத்தின் சொற்களை வைத்து மூன்று நான்கு வரியில் தமிழில் எழுதட்டும். அன்றைக்கு வந்த புதுச் சொற்களைத் தனி நோட்டில் எழுதி, எதிரே வீட்டு மொழியில் பொருள் எழுதட்டும். இப்படி வாரத்துக்கு மூன்று பாடம் செய்தாலே போதும். மனப்பாடம் தானாகக் குறையும்.

ஆங்கில வழி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வரை தமிழ் வழியில் படித்த பிள்ளையை, ஊரில் எல்லோரும் சேர்க்கிறார்களே என்று ஆறாவதில் ஆங்கில வழிக்கு மாற்றாதீர்கள். படி 2-இல் சொன்ன சோதனையில் தமிழ் வாசிப்பு ஓடவில்லை என்றால், நிச்சயமாக மாற்றாதீர்கள். ஒரு மொழியில் ஊன்றிய பிள்ளை அடுத்த மொழிக்குப் போகும். எதிலும் ஊன்றாத பிள்ளைக்கு அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்து போய்விடும். முதல் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை இருப்பதையும் நினைவில் வையுங்கள். ஏற்கெனவே ஆங்கில வழியில் சேர்த்தாயிற்று என்றால், அதே வகுப்பின் தமிழ் வழிப் புத்தகத்தையும் வாங்கி வையுங்கள். பாடங்கள் ஒன்றேதான். முதலில் தமிழில் வாசித்துப் புரிந்துகொண்டு, அப்புறம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகட்டும்.

படி 4: மலைக்கு ஏற்ற நேர அட்டவணை

முதலில் காலை உணவு. தொடக்கப் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாவதில் அது நின்றுவிடும். மதியச் சத்துணவு தொடரும். அம்மா காலையிலேயே தோட்டத்துக்குக் கிளம்பிவிடும் வீடுகளில், இந்த மாற்றத்தை யாரும் கவனிக்காமல் பிள்ளை வெறும் டீயும் பன்னும் தின்றுவிட்டு பஸ் ஏறுகிறது. பதினொரு மணிக்கு மேல் அதற்கு எந்தப் பாடமும் காதில் ஏறாது. முந்தின இரவே சப்பாத்தியோ ராகிக் களியோ கூடுதலாகச் செய்து வையுங்கள். ஒரு முட்டை அவித்துக் கொடுக்க முடிந்தால் மிக நல்லது.

விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து படி என்று சொல்வது கீழ்நாட்டுக்குச் சரி. டிசம்பர் குளிரில் ஊட்டியில் ஒரு 12 வயதுப் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் அது போர்வைக்குள் உட்கார்ந்து தூங்கும். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கம் வேண்டும். மாலை பஸ்ஸில் வந்து, கை கால் கழுவி, சூடாக ஏதாவது குடித்து, அரை மணி விளையாடிவிட்டு, ஆறு மணியிலிருந்து ஏழேகால் வரை படிக்கட்டும். சாப்பிட்ட பிறகு வாசிப்பு 15 நிமிடம். ஒன்பது மணிக்குப் படுக்கை. இதுவே போதுமானது. அந்த ஒன்றேகால் மணி நேரம் டிவி ஓடக் கூடாது. அப்பாவின் போனும் ஓடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலை மூடிவிட்டுப் படிக்கவோ தூங்கவோ விடாதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கம்பளி போதாவிட்டால் இரண்டு ஸ்வெட்டர் போடட்டும். அரசுப் பள்ளிகளில் மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கென்று ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் பூட்ஸும் தருகிறார்கள். அளவு எடுக்கும்போது ஒரு அளவு பெரிதாகச் சொல்லுங்கள்.

காட்டு வழியில் நடந்து வரும் பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் வீடு சேர வேண்டும். கூடலூர்ப் பக்கம் யானை, கோத்தகிரிப் பக்கம் கரடி, எல்லா இடத்திலும் காட்டுமாடு. மாலை ஸ்பெஷல் கிளாஸ் என்றால், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, யார் யார் சேர்ந்து வருகிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். நேரத்தை மாற்றக் கேட்பதில் தவறே இல்லை.

படி 5: மழை விடுமுறையை வீணாக்காதீர்கள்

ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் பள்ளிக்கு அடிக்கடி விடுமுறை விடுவார்கள். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் நவம்பரில் இது வரும். முதல் பருவத் தேர்வோ செப்டம்பரில். விட்டுப்போன பாடமெல்லாம் ஆகஸ்டில் வேகமாக ஓடும். அந்த ஓட்டத்தில் தவறியது அப்படியே தங்கிவிடும்.

இதற்கு ஜூன் தொடக்கத்திலேயே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். கணக்கு, அறிவியல் டீச்சர்களிடம், "மழைக்கு லீவு விட்டால் எந்தப் பாடத்தைப் படிக்கச் சொல்லலாம்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். மழையில் சிக்னல் போய்விடும் ஊர்களில், டவுனுக்குப் போகும் அன்றே தேவையானதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை அன்று இரண்டு மணி நேரம் படித்தால் போதும். மின்சாரமும் போகும், அதனால் சார்ஜ் ஏற்றும் விளக்கு ஒன்று வீட்டில் இருக்கட்டும். நோட்டுப் புத்தகங்களைத் தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு பைக்குள் வையுங்கள். நனைந்து ஒட்டிப்போன நோட்டைத் திரும்ப எழுத எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது.

படி 6: ரேங்க் கார்டைச் சரியாகப் படியுங்கள், பள்ளிக்குப் போங்கள்

100-க்கு 70 என்று பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த 100-இல் 40 வளரறி மதிப்பீடு: செயல்பாடு, புராஜெக்ட், சிறு தேர்வுகள். மீதி 60 தான் பருவ முடிவில் எழுதும் தேர்வு. வளரறியில் பெரும்பாலும் தாராளமாகவே மதிப்பெண் கிடைக்கும். 70 வாங்கிய பிள்ளை 40-க்கு 38-ம் 60-க்கு 32-ம் எடுத்திருந்தால், எழுத்துத் தேர்வில் பாதிதான் தெரிந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பருவத்துக்குப் பருவம் அந்த 60-இல் எடுத்ததை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆறு, ஏழில் பருவத்துக்கு ஒரு புத்தகம், மெல்லியதாக வரும். எட்டாவதில் வருடம் முழுவதுக்கும் ஒரே புத்தகம். நன்றாகப் படித்த பிள்ளைகூட எட்டாவதின் முதல் மாதங்களில் திணறுவது இதனால். ஜூனில் படித்ததை ஏப்ரல் வரை நினைவில் வைக்க வேண்டுமே. அந்த வருடம் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைப் பழைய பாடத்துக்கென்று ஒதுக்குங்கள்.

கூலி போய்விடும் என்று பல பெற்றோர் பள்ளிப் பக்கமே போவதில்லை. எனக்கு அது புரிகிறது. பருவத்துக்கு ஒரு முறையாவது, பள்ளி வைத்திருக்கும் ஒரு சனிக்கிழமையில் போங்கள். வகுப்பு ஆசிரியரிடம், "நல்லா படிக்கிறானா?" என்று கேட்டால், "பரவாயில்லைங்க" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: தானாக வாசிக்கிறானா? வகுப்பில் சந்தேகம் கேட்கிறானா? எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் நிற்கிறான்? யாரோடு உட்காருகிறான்? வீட்டில் நாங்கள் செய்ய வேண்டிய ஒன்று சொல்லுங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்? கடைசிக் கேள்விதான் உங்களையும் டீச்சரையும் ஒரே பக்கம் சேர்க்கும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கழிப்பறையில் தண்ணீர் இல்லை, கணக்கு டீச்சர் பணியிடம் காலி, பஸ் நேரம் ஒத்துவரவில்லை, இதெல்லாம் அங்கே தீர்மானமாக எழுதப்பட வேண்டியவை. தனியாகப் போய்ச் சண்டை போடுவதைவிடத் தீர்மானம் வலுவானது. அதிலும் நடக்காவிட்டால் கல்வித் துறை உதவி எண் 14417.

படி 7: எட்டாவதில் ஒரு தேர்வு, ஏழாவதிலேயே தயாரிப்பு

என்.எம்.எம்.எஸ். என்று சொல்லும் தேசிய வருவாய் வழி, திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு எட்டாம் வகுப்பில் எழுதுவது. தேர்வானால் 9 முதல் 12 வரை மாதம் 1,000 ரூபாய், வருடத்துக்கு 12,000. அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாவதில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. எல்லோரும் பாஸ்தானே என்று ஏழாவதை விட்டுவிட்ட பிள்ளை இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம். ஒன்று மனத்திறன்: எண் தொடர், படம், குறியீடு. மற்றது கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். ஏழாவது, எட்டாவது பாடங்களை நன்றாகப் படித்தால் இரண்டாம் தாளைச் சமாளிக்கலாம். முதல் தாளுக்குப் பழக்கம் வேண்டும். ஏழாவது கோடை விடுமுறையில் பழைய கேள்வித்தாள்களை வாங்கி, தினமும் பத்துக் கேள்வி போடச் சொல்லுங்கள். வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தேர்வாகாவிட்டாலும் இந்தப் பயிற்சியால் பிள்ளையின் யோசிக்கும் வேகம் கூடியிருக்கும்.

படி 8: உடம்பும் மனசும்

கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளை, பல நேரம் கண்ணாடி தேவைப்படும் பிள்ளை. அரசுப் பள்ளி மருத்துவ முகாமில் இலவசமாகவே கிடைக்கும். எப்போதும் களைப்பு, முகம் வெளுப்பு என்றால் ரத்தச் சோகை இருக்கலாம். பள்ளியில் வாரா வாரம் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லுங்கள். நம் மாவட்டப் பழங்குடிச் சமூகங்களில், குறிப்பாகக் கூடலூர், பந்தலூர்ப் பக்கம், பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் நோய் உண்டு. அடிக்கடி மூட்டு வலி, காய்ச்சல் என்று பள்ளிக்கு லீவு போடும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டும் முன் அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அந்த நோய் இருந்தால், குளிரில் நனையாமல் பார்ப்பதும் போதுமான தண்ணீர் குடிக்கவைப்பதும் மிக முக்கியம். டீச்சரிடமும் சொல்லி வையுங்கள்.

பெண் பிள்ளைகள் வயதுக்கு வருவது இந்த மூன்று வருடத்தில்தான். ஒரு வாரம், பத்து நாள் வீட்டில் வைத்துவிடுவதால் விட்டுப்போகும் பாடம் பெரிது. அதற்குப் பிறகு மாதா மாதம் இரண்டு நாள் லீவு என்று பழகிவிட்டால் வருடத்துக்கு இருபது நாளுக்கு மேல் போய்விடும். முன்னாடியே பேசுங்கள். பையில் எப்போதும் நாப்கின் வைத்து அனுப்புங்கள். பள்ளிக் கழிப்பறை சரியில்லாததால்தான் லீவு போடுகிறாளா என்று கேளுங்கள். அப்படியென்றால் அது மேலாண்மைக் குழுவுக்கு எடுத்துப் போக வேண்டிய விஷயம்.

பையன்களிடம் வேறு ஒன்றைக் கவனியுங்கள். உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம் நடுநிலை வகுப்புகள் வரை வந்துவிட்டது. திடீரென்று காசு கேட்பது, சாப்பாடு குறைவது, கண்ணைப் பார்த்துப் பேசாதது எல்லாம் அறிகுறிகள். அடித்தால் மறைக்கத்தான் பழகுவான். உட்காரவைத்துப் பேசுங்கள், வகுப்பு ஆசிரியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே சொல்ல முடியாத தொந்தரவு எதுவானாலும், பஸ்ஸிலோ பள்ளியிலோ உறவிலோ, 1098 என்ற எண்ணைப் பிள்ளைக்கே மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

படி 9: எட்டாவது முடிந்த கோடையில்

மே மாதம் கொழுந்து அதிகம், கை வேண்டும் என்று தெரியும். பிள்ளை வீட்டு வேலையில் உதவட்டும். ஆனால் தினமும் ஒரு மணி நேரம் அதற்கு மிச்சம் வையுங்கள். அந்த மாதத்தில் பார்க்க வேண்டியவை இவைதான்: தமிழில் ஒரு பக்கம் சொந்தமாக எழுத வருகிறதா? ஆங்கிலத்தில் பத்து வரி வாசித்துப் பொருள் சொல்ல வருகிறதா? பின்னம், சதவீதம் தடங்கலில்லாமல் வருகிறதா? 3x + 5 = 20 போன்ற கணக்கில் எக்ஸ் என்ன என்று கண்டுபிடிக்க வருகிறதா? வராததை அந்த மாதத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது தொடங்கிவிட்டால் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. பக்கத்து ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராக்கிவிடவும் இது நல்ல நேரம்.

நடுநிலைப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இப்போது மறுபடியும் பள்ளி மாற வேண்டியிருக்கும். டிசி வாங்கும்போது அங்கேயே நின்று பெயர், இனிஷியல், பிறந்த தேதி, சாதி ஆகியவற்றை ஆதாரோடும் சாதிச் சான்றிதழோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இவைதான் ஏறப்போகின்றன. தவறு இருந்தால் இப்போது தலைமை ஆசிரியரிடம் சொல்லித் திருத்துவது சுலபம். 6, 7, 8 மூன்று வருடமும் இந்தப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழையும் அன்றே கேட்டு வாங்கி, இரண்டு நகல் எடுத்து வையுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், 7.5 சதவீதம் எதற்கு விண்ணப்பித்தாலும் இந்த விவரத்தைக் கேட்பார்கள்.